கண்ணீர்க் குடித்தனத்தில் அழுத குரல்

சின்னசேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது தனபாலின் மனைவி வசந்தி போனில் கூப்பிட்டாள். "அக்கா, அவரு போய்ட்டாருக்கா" என்றாள். காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் "இன்னா?" என்று கேட்டேன். பாவம், அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

தனபால் என்ற பெயர் கள்ளக்குறிச்சியில் பலருக்குத் தெரியாது. 'கண்ணீர்க் குடித்தனம்' சீரியல் தொடங்கும்போது "ஆ... ஆ..." என்று கதறும் பெண்குரலை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரல் அவருடையது.

பெரிய சேனல்களின் அழுகைத் தொடர்களைக் கிண்டலடித்து எங்கள் ஊர் கேபிள் சேனலுக்காக நாங்கள் எடுத்த சீரியல் அது. வசனம் எழுதியது நான், மாமியாரும் நானே. மருமகள் கதவைத் திறக்கவே ஒரு வாரம் ஆகும். தனபால் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துப் பாடுகிறவர். டைட்டில் மியூசிக்கில் அழுவதற்குப் பாடகி வைக்க வசதியில்லாததால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவரே மைக் முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் துண்டை எடுத்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"எங்கம்மா செத்தப்போ அழுகையே வர்லக்கா. இப்பதான் அழுதேன். நெசமா அழுதாத்தான் கேக்கறவனுக்கு சிரிப்பு வரும்" என்றார்.

சேனல் மூடப்பட்ட பிறகும் அந்த மியூசிக் செல்போன்களில் ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் அவர் எந்தப் பாட்டை எடுத்தாலும் கீழேயிருந்து "அழுவுண்ணே!" என்று கத்துவார்கள். அழுவார். அவர் சொந்தமாகப் போட்ட மெட்டுகளை யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் குரல் கம்மியது. "கத்திக்கினே இருந்தா தொண்ட கட்டாம இன்னா பண்ணும்?" என்று கச்சேரிக்குப் போய்க்கொண்டேயிருந்தார். சேலத்தில் காட்டியபோது புற்றுநோய், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

"பாட்டு போனா போவுதுக்கா. புள்ளையப் பேரு சொல்லிக் கூப்புடணுமே" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாருடைய போனோ அடித்தது. அதே "ஆ... ஆ...". கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா வலியை மறந்து சிரித்தாள். தனபால் அவளையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தார். "நல்லாருக்கில்ல?" என்று கேட்டதாகப் பட்டது. நான் தலையாட்டுவதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோய் பரவியிருந்தது, வீடு திரும்பியும் தேறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மகள் யாழினி என் வீட்டுக்கு வந்தாள். அவர்களுடைய பழைய போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் அழிந்துவிட்டதாம்.

"அத்தை, அப்பா சும்மா பேசினது, பாடினது ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

எல்லாவற்றிலும் தேடினேன். சீரியல் மட்டும்தான் இருந்தது. போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது அப்பா இல்ல அத்தை. இது காமெடி" என்று தானே நிறுத்தினாள்.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. சீரியல் எடுத்த நாட்களில் ஒருமுறை கரியாலூரில் படப்பிடிப்பு முடித்து மலையிறங்கும்போது, மழைக்கு ஜீப்பை ஒதுக்கி நிறுத்தியிருந்தோம். அப்போது தனபால் வார்த்தை இல்லாமல் ஒரு மெட்டைப் பாடினார். "யாழினிக்குப் போட்டது. வார்த்தைய அப்புறமா வெச்சிக்கலாம்" என்றார். அதை அவளுக்கு முனகிக் காட்டினேன். முதல் அடி வந்தது. இரண்டாவது அடி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது.

"இதுவாங்க அத்தை?" என்றாள்.

முதல் அடியை மறுபடி முனகிப் பார்த்தேன். தனபாலிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முதல் அடிதான். அதுவும் சரிதானா என்று கேட்க இனி ஆளில்லை.