வீட்டில் என்ன சொன்னார்கள்

பரீட்சைக்கு வராத புத்தகத்தை ஒரு டீச்சர் எதற்காகப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேருக்கும் அங்கேதான் வேலை. வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால் அன்றைக்கே பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பயப்படுகிற பிள்ளைக்கு இதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும்.

புது டீச்சர் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒரு நாள் துணிப்பை நிறையக் கதைப் புத்தகங்கள் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மனப்பாடம் வேண்டாம், எழுத வேண்டாம், சந்தோஷத்துக்காகப் படியுங்கள் என்றார். வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை வந்து, கதையைக் கேட்டு வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"புஸ்தகத்தக் குடுத்துட்டு ஒண்ணுமே கேக்கலியா கண்ணு?"

"ஊட்ல என்ன பேசிக்கிட்டாங்கன்னு மட்டும் வந்து சொல்லோணுமாம்."

"அதான பாத்தேன்" என்றார் அப்பா.

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோரமாக அடுக்கியிருந்தது. எஸ்டேட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பார்கள். விழுகிற கிளையில் மணிக்கட்டு தடிமனுக்குள் இருப்பதை வேலையாட்கள் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே உள்ளதெல்லாம் எஸ்டேட்டுக்கு. யாருடைய மணிக்கட்டு என்று யாரும் சொன்னதில்லை. அதனால் எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. தொடை தடிமன் கட்டையை மறைவாகப் பள்ளத்துக்குள் உருட்டிவிட்டு, பிறகு போய் நான்காகப் பிளந்துவிட்டால் நான்கும் மணிக்கட்டு தடிமன். விறகு முறையானதாகிவிடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் அந்த மாதம் கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் விறகைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து எஸ்டேட்டில் ஒரு குடும்பத்தை இதற்காகவே மலையை விட்டு இறக்கி அனுப்பியிருந்தார்கள். போதாததற்கு, டீச்சரும் ரைட்டரும் பஸ் நிற்கிற இடத்தில் பேசிக்கொண்டிருந்ததைச் சித்தப்பா கண்ணால் பார்த்திருந்தார். டீச்சர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கலாம். அப்படியெல்லாம் யோசிக்க அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

உடனே திருப்பிக் கொடுத்தால் சந்தேகம் வரும். ஆகவே அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவதென்று முடிவானது. வீட்டில் தடங்கல் இல்லாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன்.

ஒரு பலாத்தோட்டம். தினம் காலையில் ஒரு பழம் குறைகிறது. கீழே விழுந்து கிடக்கிற பழத்தை ஒரு கரடி தூக்கிக்கொண்டு போகிறது. தோட்டக்காரர் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டே குகை வரைக்கும் போகிறார். உள்ளே இரண்டு குட்டிகள். பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார். கதை முடிந்தது.

முடிந்தது என்பதை அப்பா நம்பவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"ஏன் பேசாம திரும்பறான்? ஆள் கூட்டியாறதுக்கா?"

குட்டியைப் பார்த்து மனசு கேட்டிருக்காது என்றாள் அம்மா.

"எந்தத் தோட்டக்காரனுக்கு மனசு கேக்காம இருந்திருக்குதுங்க அண்ணி? நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் சித்தப்பா.

நான்கு சாயங்காலம் இப்படிப் போயிற்று. அப்பா ஒவ்வொரு வரியாக நிறுத்திக் கேட்டார். படத்தில் தோட்டக்காரருக்குப் போட்டிருந்த மீசையை மூவரும் மாறி மாறி உற்றுப் பார்த்து, அது ரைட்டர் மீசைதானா என்று பேசினார்கள். கரடியைத் தோட்டக்காரரிடம் காட்டிக்கொடுத்தது யார் என்று சித்தப்பா கேட்டார். அப்படி யாரும் கதையில் இல்லை என்றேன். "இருப்பான், நல்லா பாரு" என்றார். நான்காவது நாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா அடுத்த வரியைச் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே எங்களைப் போல ஒரு புத்தகத்தைப் படித்த வீடு வேறொன்று இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்டால், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் வகுப்பில் ஒருத்தி தன் அம்மா சிரித்தாள் என்றாள். ஒருவன் தன் அப்பா பாதியில் தூங்கிவிட்டார் என்றான். என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் ஏதோ சொல்லியிருக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் யாரும் ஒன்றுமே சொல்லவில்லை என்றால், எதையோ மறைக்கிறோம் என்றுதானே நினைப்பார்கள்? எழுந்து நின்று, கரடி பாவம் என்று எங்கப்பா சொன்னார் என்றேன். அப்புறம் என்றார் டீச்சர். அப்புறம் ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்திருக்கலாம். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"தோட்டக்காரர் பேசாம திரும்பிப் போனாலும், கரடிக்கு இனிமே தூக்கம் வராதுன்னு சொன்னாருங்க டீச்சர்."

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. டீச்சர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் இதை வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் லைனுக்கே வந்துவிட்டார்.

தூரத்தில் குடையைக் கண்டதுமே சித்தப்பா பின்பக்கமாகப் போய்விட்டார். அம்மா கம்பளியை உதறி விறகின் மேல் போர்த்தினாள். டீச்சர் உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். தமக்காகத்தான் விரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, நேராகப் போய் அந்தக் கம்பளியின் மேலேயே உட்கார்ந்தார். அடியில் ஒரு கட்டை கடக்கென்று நகர்ந்தது.

"உங்க பொண்ணு சொல்லுச்சுங்க" என்று டீச்சர் ஆரம்பித்தார். "தோட்டக்காரர் பேசாம போனாலும் கரடிக்குத் தூக்கம் வராதுன்னு சொன்னீங்களாமே. எனக்கு அது தோணவே இல்லைங்க. உங்ககிட்டயே இன்னும் கேக்கலாம்னு வந்தேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிக்கிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணில் பயம் இருந்தது, என்னைப் பார்த்துப் பயம். பிறகு கம்பளியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கரடி மரத்துல ஏறலீங்க டீச்சர். கீழ உளுந்ததத்தான் எடுத்துச்சு. உளுந்தது சும்மா மக்கிப் போறதுக்கு, ஒரு ஊட்ல அடுப்பு எரிஞ்சா என்னங்க தப்பு?"

"கரடி ஊட்லயும் அடுப்பு எரியுமாங்க?" என்று டீச்சர் சிரித்தார்.

அம்மா வரக்காப்பி டம்ளரை நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி வைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து, அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் இதே மாதிரி பேச வேண்டும் என்று அப்பாவைக் கேட்டார். வாறனுங்க என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். போகும்போது டீச்சர் பழைய புத்தகத்தை வாங்கிக்கொண்டு என் கையில் புதுசாக ஒன்றைக் கொடுத்தார். அட்டையில் ஒரு படகு.

இருட்டுவதற்குள் விறகு முழுவதும் பள்ளத்துக்குப் போய்விட்டது. மூன்று மாதம் அடுப்பெரிக்கிற விறகு. வேலை முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"உம்மேல தப்பில்ல சாமி. பள்ளிக்கூடம் போனா கேப்பாங்க. கேட்டா நீ சொல்லுவ."

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வெள்ளிக்கிழமை அப்பாவும் போகவில்லை. படகுப் புத்தகத்தைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினோம். டீச்சர் இரண்டு தடவை ஆள் விட்டார். எனக்குக் காய்ச்சல் என்றாள் அம்மா. பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். விறகைப் பற்றி எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் நின்றதில் எனக்கு அழுகையே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இனி என்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் யாராவது கையில் பேனாவோடு என்னிடம் பேச வந்தால் முதலில் கதவைப் பார்க்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் காபிப் பழம் பறிக்க அம்மா அப்பாவோடு நானும் போனேன். ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அம்மா மற்ற பெண்களோடு ஷெட்டுக்கு ஓடிவிட்டாள். நானும் அப்பாவும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். அப்பா காபிச் செடிகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்தப் படகு போட்ட புஸ்தகத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

"தெரியலைங்கப்பா. நாமதான் பிரிக்கவே இல்லியே."

"படத்துல யாரு உக்காந்திருந்தா?"

"ஒரு பொண்ணு மட்டுந்தானுங்க. தோட்டக்காரன் யாரும் இல்லைங்கப்பா. வெறகும் இல்ல. பயப்படாதீங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பொண்ணு எங்க போவுது என்று கேட்க ஆரம்பித்தவர், பாதியிலேயே விட்டுவிட்டு, மழை விடுவதற்கு முன்பே கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். பயம் தெளிந்துதான் போகிறார் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.