அம்மியில் வைத்த மிளகாய்

நாடகக் கம்பெனியில் என் வேலை சாமான் எடுத்து வைப்பது. சிம்மாசனம், கத்தி, சொம்பு, கண்ணாடி, எந்தக் காட்சிக்கு எது வேண்டுமோ அதைத் திரை இறங்கியிருக்கும்போது கொண்டுபோய் வைத்துவிட்டு, பக்கத்துத் தட்டி மறைவில் வந்து நின்றுகொள்வேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. கூச்சக்காரனான எனக்கு அது பொருந்தியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூர், பொள்ளாச்சி, தாராபுரம் என்று ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடினோம்.

அப்போது எங்களுக்குக் கூட்டம் சேர்த்த நாடகம், பண்ணையார் வீட்டுக்கு இளைய தாரமாக வந்த ஒருத்தியைப் பற்றியது. வீட்டுச் சாவிக்கொத்து தன் இடுப்புக்கு வர வேண்டும் என்ற ஆசையில், மூத்தவள் மேல் பொய்ப் பழி போட்டுத் துரத்திவிடுவாள். மூத்தவள் அம்மன் சந்நிதியில் உட்கார்ந்து மிளகாய் அரைப்பாள். அதற்குப் பிறகு கதை முழுக்க இளையவளின் மனசுக்குள்தான் நடக்கும். சாவி வந்துவிட்டது, தூக்கம் போய்விட்டது. மேடையில் தனியாக நின்று "எரிகிறதே" என்று தொடங்கி அவள் பேசுவதைக் கேட்கவே சனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அந்த இளையவள் வேஷம் வெகு காலம் பெரியக்காவுடையதாக இருந்தது. கம்பெனியின் மூத்த நடிகை என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பொள்ளாச்சியில் அவருக்குக் குரல் கட்டிக்கொண்டபோது, தோழி வேஷம் போட்டுக்கொண்டிருந்த இளம் நடிகை அந்த வேஷத்தைக் கட்டினார். சின்னம்மணி என்போம் அவரை. வசனம் முழுவதையும் எப்போதோ மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கொட்டகை அதிர்ந்தது. பெரியக்காவுக்குக் குரல் திரும்பியது, வேஷம் திரும்பவில்லை. சின்னம்மணியே முதலாளியிடம் போய், "இனி எனக்கே இருக்கட்டுமுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டதை எல்லோரும் அறிவோம். மூத்தவள் வேஷத்துக்கு மாறிய பெரியக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னம்மணிக்குச் சடை பின்னிவிடுவதைக்கூட நிறுத்தவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போனோம். அந்த ஊரில் மிளகாய் அரைப்பது விளையாட்டு அல்ல. அநியாயம் செய்யப்பட்டவர்கள் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசி முறையிடுவார்கள். நியாயம் கிடைத்த பிறகு திரும்பி வந்து கல்லைக் கழுவி அம்மனைக் குளிர வைப்பார்கள். யார் மேல் அரைத்தார்களோ அவருக்கு அதுவரை உடம்பும் மனசும் எரியும் என்பது நம்பிக்கை. நானும் நம்புகிறவன்தான். எங்கள் நாடகத்தில் அரைப்பது மிளகாய் அல்ல. செங்கல்லைப் பொடித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைப்பேன்.

முதல் ஆட்டத்தன்று மத்தியானம் குழம்பு ஒரே காரம். எல்லோரும் தண்ணீர்ப் பானையைச் சுற்றி நின்றோம். முதலாளி சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனய்யா, சோறாக்குறியா, ஆளக் கொல்றியா?"

"மொளகா நானு வாங்குல்லீங்க. அடுப்புப் பக்கத்துல ஒரு பொட்டணம் கெடந்துதுங்க, கம்பெனிச் சாமானாக்கும்னு அள்ளிப் போட்டுபோட்டனுங்க."

அதைக் கேட்டுச் சிரித்தோம். சின்னம்மணி மட்டும் சாப்பிடாமல் எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் செங்கல் பொடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, முந்தானையில் முடிந்திருந்த வரமிளகாயை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்கு இதையே ஊற வெச்சு வைங்க. அக்காகிட்டச் சொல்ல வேண்டாமுங்க."

"நெச மொளகாங்களா? இந்த ஊர்லீங்களா?" என்றேன்.

"வைங்கண்ணா."

நடிப்பு இன்னும் நன்றாக வர வேண்டும் என்ற ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து மிளகாயை ஊற வைத்துப் பிசைந்தேன். உள்ளங்கை எரிந்தது. கோயில் இருந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் காட்சி வந்தது. அம்மியையும் சொம்புத் தண்ணீரையும் வைத்துவிட்டுத் தட்டி மறைவுக்கு வந்தேன். திரை ஏறியது. பெரியக்கா தலைவிரி கோலமாக வந்து உட்கார்ந்து, குழவியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நெடி எழும்பியது. கை அப்படியே நின்றது. திரும்பி என் பக்கம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முன்னால் இருந்தவர்கள் இருமினார்கள். "நெச மொளகாயே அரைக்கறாங்க, ஆத்தா" என்று ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது. சிலர் கை கூப்பினார்கள். வசனப்படி பெரியக்கா இப்போது தன்னைக் கெடுத்தவளைச் சொல்லி அழ வேண்டும். அவர் அழவில்லை. சொம்பை எடுத்து அம்மி மேல் தண்ணீரை ஊற்றினார். கையால் கல்லைத் துடைத்துவிட்டு, முந்தானையில் விரல்களை ஒற்றிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆனைமலைக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அரைச்ச கையோட குளிர வெச்சுபோட்டாளே" என்றது ஒரு குரல்.

என் பக்கத்தில் நின்ற முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "கதையவே கெடுத்துபோட்டாளே. இனி அவ எதுக்கு எரியுதுன்னு கத்தறது?"

ஆர்மோனியம் வழக்கம்போல வாசித்தது. சின்னம்மணி மேடைக்கு வந்தார். பட்டுப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. வாயைத் திறந்தார், "எரிகிறதே" வரவில்லை. நனைந்த அம்மியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆர்மோனியக்காரர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். சின்னம்மணி பெரியக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, கல்லில் ஒட்டியிருந்த மிச்ச மிளகாயை வழித்துச் சேர்த்து அரைக்கத் தொடங்கினார்.

"இவ ஆரு மேல அரைக்கறா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சின்னம்மணி கண்ணீர் வழிய வழிய, அரைத்ததை வழித்துத் தன் கை இரண்டிலும் பூசிக்கொண்டார். முதலாளி ஓடிப்போய்த் திரையை இறக்கினார். வெளியே கைதட்டல் ஓயவில்லை.

உள்ளே பெரியக்கா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருந்தார். சின்னம்மணியின் கைகளை மடியில் வைத்து எண்ணெய் தடவினார். தலையை நிமிர்த்தாமல் என்னிடம் கேட்டார்.

"தம்பி, செங்கல்லுத் தீந்து போச்சுங்களா?"

எரிந்த உள்ளங்கையை நான் வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"அண்ணனைக் கேக்காதீங்கக்கா. நாந்தான் குடுத்தேன்" என்றார் சின்னம்மணி.

"ஏங்கண்ணு?"

"வேசத்தப் புடுங்கிக்கிட்டேன். நீங்க ஒரு வார்த்தை வையலீங்களே. சடை வேற பின்னி உடறீங்க. ஒருக்கா நெசமா அரைச்சுபோட்டீங்கன்னா என் மனசு ஆறிரும்னு பார்த்தனுங்க."

பெரியக்கா எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அரைக்கோணும்னா கோயிலு பக்கத்துலதான இருக்குது அம்மணி? காலைல போனேன். மொளகா கூட வாங்கிட்டுத்தான் போனேன். கல்லுக்கு முன்னால நின்னு பார்த்தேன், மனசு வல்லை. கொண்டாந்து அடுப்புப் பக்கம் வெச்சுபோட்டேன். அந்த மனுசன் மொத்தத்தையும் கொழம்புல போடுவான்னு நானென்ன கண்டேன்?"

சின்னம்மணி சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "வேசத்தத் திருப்பி வாங்கிக்குங்கக்கா" என்றார்.

"மொதலாளி குடுக்க மாட்டாரு. இன்னிக்கு நீ ஆடுனதப் பார்த்தப்பறம் எனக்கும் கேக்க வாய் வராது."

அப்படியேதான் ஆயிற்று. முதலாளி வேஷத்தை மாற்றவில்லை. ஆனைமலையோடு அந்தப் புதுக் காட்சியை நிறுத்தி, மற்ற ஊர்களில் பழைய வசனத்தையே பேச வைத்தார்.

பெரியக்கா என்னை அதட்டவே இல்லை. மறுநாள் காலையில் எப்போதும்போல, "தம்பி, காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டார். ஓர் ஆளைச் சபிக்க, பெரியக்காவுக்கே தெரியாமல், அவர் கையில் மிளகாயைக் கொடுத்தவன் நான். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தலை குனிந்து வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருப்பேன். முந்தானையில் மிளகாயை முடிந்துகொண்டு சின்னம்மணி ஏன் வந்தார் என்பது அந்தக் காப்பியைக் குடிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு எந்த ஊரிலும் அந்தக் காட்சிக்கு முன்னால் சின்னம்மணி தட்டிப் பக்கம் வந்து நிற்பார்.

"செங்கல்லுத்தானுங்களாண்ணா?"

"ஆமாங்க."

கேட்டது கிடைக்காதவர் போன்ற முகத்தோடு போய்விடுவார். ஆட்டம் முடிந்ததும் நான் அம்மியைக் கழுவுவேன். வெறும் செங்கல் மண்தான், ஒரு சொம்புத் தண்ணீருக்குப் போய்விடும். இன்னொரு சொம்பும் ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் பெட்டியில் எடுத்து வைப்பேன்.