ஓகஸ்ட் மாதத்தின் அடிவரி

இந்த நாட்டில் எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வருகிற கலண்டர் குப்பைக் கலண்டர் ஒன்றுதான். எந்தக் கிழமை சிவப்பு மூடித் தொட்டியை வெளியே வைப்பது, எந்தக் கிழமை மஞ்சள் மூடி என்று நகரசபை அனுப்பிவைக்கும். அமாவாசையும் சதுர்த்தியும் அதில் இல்லை. 2011 கடைசியில் சிட்னியில் நாங்கள் சிலர் கூடி, வன்னி ஊர்களின் படங்களோடு ஒரு சுவர்க் கலண்டர் அடிக்க முடிவெடுத்தோம். திகதி குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவன் என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். மாதத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு குடும்பம். குடும்பம் படம் தரும். அடியில் 'அமரர் இன்னார் நினைவாக' என்று ஒரு வரி போகும். பன்னிரண்டு பெயர்களுக்காக அலைய வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் கூடுகிற ஹோம்புஷ் சாப்பாட்டுக் கடைக்கு வதனி வந்து தன் படத்தைத் தந்தார். வள்ளத்தில் கடல் கடந்து வந்து, வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்தவர். படத்தில் முல்லைத்தீவுக் கடற்கரை. கணவர் கமலநாதன் 2009 மே மாதக் கடைசிச் சண்டையில் காணாமற்போனவர்.

"மே மாசம் மட்டும் வேண்டாம், அண்ணை."

"ஓகஸ்ட்டில போடுறன். அடியில என்ன எழுத?"

"பேரை மட்டும் எழுதுங்கோ."

"ஒண்டு மட்டும் மொட்டையா நிக்கும் பிள்ளை, சனம் கேக்கும்" என்றார் எங்களில் ஒருவர்.

"கேக்கட்டும். நானும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

ஊரில், வருஷம் பிறந்ததும் அப்பா செய்கிற முதல் வேலை, செத்தவர்களின் திதிகளுக்குக் கலண்டரில் பென்சிலால் வட்டம் போடுவது. வட்டம் போட நாளே தெரியாத ஓர் ஆள் இருக்கக்கூடும் என்று அப்போது நாங்கள் நினைத்ததில்லை.

மாதிரிப் பிரதி பார்க்க வதனியும் என்னோடு பரமட்டா அச்சகத்துக்கு வந்தார். அச்சகக்காரர் டேவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கவனமான மனிதர். எல்லாப் பக்கங்களிலும் அடிவரியின் முதற்சொல்லும் கடைசிச்சொல்லும் ஒன்றுபோல இருப்பதையும், ஓகஸ்ட்டில் மட்டும் இரண்டும் இல்லாததையும் கண்டிருக்கிறார். ஃபொன்ற் கோளாறில் எழுத்து விழாமற்போய்விட்டது என்று நினைத்து, ஜூலைப் பக்கத்தில் இருந்து எடுத்து ஒட்டிவிட்டாராம். "நோ வொரீஸ், மேற்!"

நான் தாளை மறைக்க முன்னர் வதனி வாசித்துவிட்டார். அமரர் கமலநாதன் நினைவாக.

அந்தச் சொற்களை எடுத்துவிடும்படி சொன்னேன். அவற்றின் பொருள் என்ன என்று டேவ் கேட்டார். இறந்துபோனவரின் நினைவுக்கு எழுதுவது என்றேன்.

"ஓ, சொறி! அப்போ இவர் உயிரோடு இருக்கிறார். குட் ஆன் ஹிம்!" என்று முகம் மலர்ந்து, வதனியைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார்.

அதற்குமேல் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் தெரிந்திருக்காது. வதனி, "தாங்க்ஸ்" என்றார்.

டேவ் திருத்திய பக்கத்தை அடித்துத் தந்தார். கடலுக்குக் கீழே பெயர் மட்டும் நின்றது. வதனி தலையாட்டினார். பிழையான தாளை டேவ் கூடைக்குள் போடப் போனார்.

"அண்ணை, அதையும் வாங்கித் தாங்கோ."

வாங்கிக் கொடுத்தேன். எழுத்து உள்ளே போக நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மற்றத் தாளைக் கசங்காமல் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்.