படகுக்குக் கட்டுகிற பாவாடை

அந்த நிக்கோபார் நர்ஸைப் பற்றி உனக்கெதற்கடி இத்தனை விசாரணை? அடுப்பைக் கவனி! சரி, சொல்கிறேன்.

ஜங்லிகாட்டுக் கடைத்தெருவில் நான் தையல்கடை வைத்திருந்தேன். துணியைப் புரட்டி உள்தையலைப் பார்க்காமல் அவள் வாங்கிப்போக மாட்டாள். ஆபீசர் கிளப்பில் நடந்த ஃபேஷன் ஷோவில் மேடையேறுவதற்காகப் பூப்போட்ட ஃப்ராக் தைக்கக் கொடுத்திருந்தாள். அதை வாங்க வந்த அன்று, ஷோ நடத்துகிற ஆபீசர் மனைவி தென்னோலைப் பாவாடையோடு வந்து நின்றாள்.

"ஃப்ராக் வேணாம். ஆதிவாசின்னா இதைத்தான் கட்டணும்."

நர்ஸ் ஓலையையும் புரட்டிப் பார்த்தாள்.

"அச்சா மேம்சாப், எங்க தீவுல இதைப் பந்தயப் படகுக்குத்தான் கட்டுவோம். நீங்க கட்டிக்கிட்டு முன்னால போங்க, நான் துடுப்பு எடுத்துட்டு வர்றேன்."

வாயில் கவ்வியிருந்த ஊசியை நான் விழுங்காதது கடவுள் புண்ணியம். அவள் ஃப்ராக்கிலேயே மேடையேறினாள்.

படகுக்குக் கட்டுவது நிஜமா, அவள் குறும்பா, இன்றுவரை தெரியவில்லை. ஷோ பார்த்துவிட்டு வந்த என்னிடம் பக்கத்து வீட்டார், "ஆதிவாசி என்ன உடுத்தியிருந்தா?" என்று கேட்டார்கள்.

"முழுசா உடுத்தியிருந்தா. மத்தவங்கதான் முதுகைத் திறந்துபோட்டுக்கிட்டு வந்தாங்க" என்றேன்.