முதலில் பார்ப்பதாகச் சொன்ன பெண்

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதுவது என் வேலை. கேட்பதற்குக் கௌரவமாக இருக்கும். உண்மையில், இன்னும் நடக்காத ஒன்றை நாளைக் காலை வாசலில் வந்து நிற்கப்போவது மாதிரி எழுதத் தெரிந்தால் போதும். அடையாறில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். எங்கள் டாக்டர் ஒரு கருவி செய்திருந்தார். குழந்தையின் நெஞ்சில் வைத்தால் இதயச் சத்தத்தைக் கேட்டு, வால்வில் கோளாறு இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வலி என்று தொடங்குவது சில பிள்ளைகளுக்கு இதயத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஊசி போட்டுத் தடுக்கலாம்.

முதல் தடவை விண்ணப்பித்தபோது தேர்வுக் குழு கையை விரித்துவிட்டது. எல்லாம் சரி, இதில் மனிதர்கள் எங்கே என்று கேட்டார்களாம். நோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த யாரையாவது மேடைக்கு அழைத்துப் போவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் ஆள் தேடினார். எனக்கு நொச்சிக்குப்பத்து மீன்காரி நினைவுக்கு வந்தாள். மயிலாப்பூரிலிருந்து போய் வருஷக்கணக்காக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவள் மகன் இதே நோயில்தான் போனான். கேட்டதும் வருகிறேன் என்றாள்.

ஒத்திகை நடந்தது. மகனுக்கு மூச்சுத் திணறிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்தினால் மறந்துபோகும் என்றாள் அவள். இரண்டாம் தடவை குழு கூடிய தி. நகர் ஹோட்டலுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். சாதாரணப் புடவையில் வந்திருக்கலாமே என்று டாக்டர் என் காதில் முனகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் கூடையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாமே என்றேன். அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அவள் கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். குழுவிலிருந்த ஓர் அம்மையார் உருகிப்போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

“எனக்கு இன்னொரு பொண்ணு கீது. அத்த பாக்கச் சொல்லுங்கம்மா.”

டாக்டர் மைக்கை வாங்கி, இந்தக் கிராண்ட் பணம் கிடைத்தால் நாங்கள் பார்க்கப்போகும் முதல் குழந்தை அவள்தான் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கிராண்ட் எங்களுக்கே வந்தது. அந்தப் பெண் அப்போது நன்றாகத்தான் இருந்தாள். டாக்டரே ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருந்தார்.

அறிவித்துவிட்டால் பணம் வந்துவிடுமா? ஒப்பந்தம் என்றார்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதி என்றார்கள். அனுமதி இல்லாமல் கருவியை எந்தக் குழந்தை மேலும் வைக்கக் கூடாது. ஒரு கையெழுத்துக்காகப் போய் நின்றால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். மீன் வாங்கப் போகும்போதெல்லாம் எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். இதோ வந்துவிடும் என்பேன். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இடையில் பெண்ணுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று சொல்லிவைத்தேன். தலையை ஆட்டினாள். மழைக்காலம் வந்து போயிற்று.

ஒருவழியாகக் குப்பத்துக் கோயில் பக்கத்தில் ஷாமியானா போட்டு உட்கார்ந்தோம். அந்தப் பெண் ரெட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டி, முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்தாள். கருவியை வைத்த மாத்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டருக்கு முகமெல்லாம் பல். முதல் குழந்தையிலேயே பிடித்துவிட்டது பார் என்று போட்டோ எடுப்பவரைக் கிட்டே கூப்பிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்து மீன்காரியும் சிரித்தாள்.

“நல்லாத்தானேக்கா கீது?” என்று என்னைக் கேட்டாள்.

பாவி மனுஷன், அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கருவியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் பார்த்தார்கள். வால்வு ரொம்பவும் கெட்டுப்போயிருந்தது. இனி ஊசியால் ஆகாது, அறுவை சிகிச்சைதான் என்றார்கள். மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் அடித்ததும், முட்டி வீங்கிப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடந்ததும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. ஏன் எங்கேயும் காட்டவில்லை, என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வராந்தாவிலேயே கத்திவிட்டேன்.

“வேற எடத்துல காட்டிட்டா, பாத்தாச்சுன்னு பேர அடிச்சிடுவாங்கல்ல? நம்மது மொத பேருக்கா.”

வீடு ஒதுக்கும்போதும் புயல் நிவாரணத்தின்போதும் குப்பத்துக்காரர்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. ஓரிடத்தில் வாங்கியவருக்கு இன்னோரிடத்தில் பெயர் இருக்காது. நாங்களும் அந்த ரகம்தான் என்று நினைத்து, காய்ச்சலை என்னிடமே மறைத்திருக்கிறாள். நான் வஞ்சிரமா சங்கராவா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் அந்தப் பெண் முட்டியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

எங்கள் கிராண்ட் நோயைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும்தான். அறுவை சிகிச்சைக்கு அதில் இடமில்லை. ஆஸ்பத்திரியில் இவள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அது எப்போது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. இதையெல்லாம் அவளிடம் நான்தான் சொன்னேன். பெஞ்சில் தூங்கிப்போயிருந்த பெண்ணின் கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்தாள்.

“இன்னொரு தபா என்ன அந்த மேடைக்குக் கூட்டினு போக்கா. இந்தப் பொண்ண பக்கத்துல வெச்சிகினு பேசறேன்.”