ஒச்சப்பன் மிதித்த கொட்டகைகள்

சிலமலையில் கோழி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் ஒச்சப்பன் பேரைத்தான் முதலில் சொல்வார்கள். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போன ஆள், சொந்தக் கையால் ரெண்டு பெரிய கோழிக்கொட்டகை எழுப்பினார். சும்மா வருமா அது? கோழி தும்முகிற சத்தத்திலேயே சீக்கைச் சொல்லிவிடுவார்.

ஐப்பசி மழையில் அவர் கோழிகளுக்கே சளி கண்டது. கண் நுரைத்துத் தலை வீங்கி, கொர்ரு கொர்ரென்று மூச்சு வாங்கின. ஒச்சப்பன் அசரவில்லை. மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து, ஒவ்வொரு கோழியின் வாயையும் பிளந்து விரலால் தொண்டையில் தடவினார். பாதி தேறியது. அவ்வளவுதான், ஊரே கூப்பிட்டது: "அண்ணே, வெரசா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க!"

அதே கிண்ணம், அதே விரல். கொட்டகை கொட்டகையாகப் போனார்.

சுப்புத்தாய் கூப்பிடவே இல்லை; இவராகத்தான் போனார். மகளை நர்சு படிக்க வைக்க அவள் நம்பியிருந்தது அந்தக் கோழிகளைத்தான். "எங்கிட்ட எல்லாம் நல்லாத்தான இருக்குண்ணே?" என்றாள்.

"வந்த பொறகு அழுவியா? முன்கூட்டியே போட்டு வைப்போம், பிடி ஆத்தா."

அடுத்த வாரமே அவள் கோழிகள் சுருண்டு விழுந்தன.

போடியிலிருந்து கால்நடை டாக்டர் சுகன்யா வந்தாள். ஒரு கோழிக்கு ஒரு பஞ்சுக்குச்சி. தொண்டைச் சளியை எடுத்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டு வேறு மாட்டிக்கொண்டாள். அதைப் பார்த்த ஒச்சப்பன் மஞ்சள் ஏறிய விரலை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

"எல்லாக் கொட்டகைக்கும் போய் வர்றது யாரு?" என்று டாக்டர் கேட்டாள்.

"முட்டை வண்டிக்காரன் சின்ராசுதான்! வேற எவன்?" என்று சுப்புத்தாய் கத்தினாள். கூட்டமும் அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டது. அன்றோடு அவன் வண்டியை ஊருக்குள் விடவில்லை. ஒச்சப்பனும் அந்தக் கூட்டத்தோடுதான் நின்றார்.

ஆய்வக முடிவோடு டாக்டர் மறுபடி வந்தபோது, சின்ராசு ஊர் எல்லையிலேயே வண்டியோடு நின்றான்.

"இது வழக்கமா வர்ற சீக்கு இல்ல. புதுசா ஒரு வைரசு. நாம போடுற தடுப்பூசிக்கு அடங்காது. சளி பட்ட கை, செருப்பு, பாத்திரம் மூலமாத் தாவும். எங்கெங்க போயிருக்குன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் மத்த கோழிகளைக் காப்பாத்த முடியும். சின்ராசு வண்டி போகாத கொட்டகையிலயும் இருக்கே, எப்படி?"



"நான்தான் தாயி," என்றார் ஒச்சப்பன். "மருந்துன்னு சொல்லிச் சீக்கைக் கொண்டுபோயி விட்டது நான்தான்."

சுப்புத்தாய் அவர் பக்கம் திரும்பினாள். "நல்லா இருந்த கோழிகளுண்ணே அதெல்லாம்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

ஒச்சப்பன் இனி எந்தக் கொட்டகைக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். தான் போய் வந்த கொட்டகைகளைத் தெருவிலிருந்தே ஒவ்வொன்றாகக் கை காட்டிக்கொண்டு நடந்தார். ஊர் எல்லைக்கு வந்ததும் சின்ராசு வண்டியை விட்டு இறங்கினான்.

"மாப்ளே, நீ இனி உள்ள வரலாம். நான் சொல்லிட்டேன்."

"அது சரி மாமா," என்றான் அவன். "எல்லாரும் என்னைய வையிறப்ப, நீங்களும் அங்கனதான நின்னீக?"