அத்தியின் அடியில் ஒரு முண்டு

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். முப்பது வருஷமாக, ஏறுகிற பஸ்ஸில் எல்லாம் எவனோ ஏமாற்றுகிறான் என்று தேடிப் பழகியவர், வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கண்ணைக் கழற்றி வைப்பாரா? பால் பொங்கி வழிந்தால்கூட, அடுப்பைக் கூட்டி வைத்தது யார் என்றுதான் விசாரிப்பார்.

அவர் நம்பியது மொட்டை மாடியில் வளர்க்கும் பதினொரு போன்சாய் மரங்களை மட்டும்தான். அதிலும் முழங்கை உயரத்து அத்தி செல்லப்பிள்ளை. இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், என் தம்பிதான் வேலைக்குப் போகும் வழியில் வந்து தண்ணீர் ஊற்றினான். ஒருநாள்கூடத் தப்பவில்லை.

இவர் மாடியேறிய முதல் நாளே அத்தியின் அடிமரத்தில், பாசி உதிர்ந்த இடத்தில், ஒரு முண்டைக் கண்டுபிடித்தார். பெரிய நெல்லிக்காய் அளவு, சொரசொரவென்று இருந்தது. உடனே நாற்றுப் பண்ணைக்காரரை வரவழைத்தார். அந்த மனிதர் பொறுமையாக விளக்கினார். காயம் பட்டாலோ, பூச்சி அரித்தாலோ, பூஞ்சை புகுந்தாலோ, அந்த இடத்தைச் சுற்றி மரம் கண்டபடி வளர்ந்து மூடிக்கொள்ளுமாம். துளிர்க்க வேண்டிய மொட்டுகளும் உள்ளேயே நெருக்கியடித்துக் கிடக்குமாம். இந்த அளவு புடைக்க வருஷங்கள் ஆகும், இரண்டு மாதத்தில் வராது என்றார். போன்சாய்க்கு இது அதிர்ஷ்டம், சின்ன மரத்துக்கு நூறு வயசுத் தோற்றம் வந்துவிடும், கை வைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

இவர் காதில் விழுந்தது காயம் என்ற ஒரு சொல்தான். பண்ணைக்காரர் படியிறங்குவதற்குள், அவரும் என் தம்பியும் கூட்டு என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாள் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"மாப்ள, மேல போகும்போது கத்தி கித்தி ஏதாவது கொண்டு போனியா?"

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அதற்கப்புறம் நாலு மாதம் என் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே தம்பி. அந்தத் தொட்டியைத் தூக்கித் தெருவில் போட்டால் என்ன என்றுகூட எனக்கு ஆத்திரம் வந்தது.

இவருக்கோ ஆதாரம் வேண்டும். உள்ளே கத்தித் தடம் இருக்கும் என்று நாலாம் மாதம் முண்டை அறுத்தார். இருந்தது செம்புக் கம்பி. இளம் மரத்தை வளைக்கச் சுற்றிவிட்டு, பட்டைக்குள் புதையும் முன் அவிழ்க்க மறந்த கம்பி. எங்கள் வீட்டில் கம்பி கட்டத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அந்த வாரமே இலைகள் உதிரத் தொடங்கின. இவர் இரண்டு நாள் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் ஊற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் என் பக்கம் பார்க்காமல் போனை எடுத்தார்.

"மாப்ள, மரம் ஒண்ணு வாடுது. நீ வந்து பாக்கணும்."

எந்த மரம் என்று அவன் கேட்டிருக்க வேண்டும்.

"நான் வெட்டினது," என்றார்.

இவர் தன்னையே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. போனை வாங்கிக் காதில் வைத்தேன். என் கைக்கு மாறியது தெரியாமல் தம்பி பேசிக்கொண்டிருந்தான்.

"இனிமே அதுல யாரும் கை வைக்காதீங்க மாமா. நான் காலையில வர்றேன்."